மாமி கேட்ட கேள்வி: மல்லாவியிலிருந்து வவுனியாவுக்கு ஒரு படம் பார்க்கப் போன கதை

இடைவேளைக்கு முன்னரே ஒரு படத்தைப் பற்றி எனக்கு முடிவு வந்துவிடும், மிச்ச நேரமெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி சேர்ப்பதிலேயே போய்விடும். கெட்ட பழக்கம்தான். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில் மட்டும் அது பலிக்கவில்லை. 2025 மே மாதம் வவுனியாவில் ஒரு தரம், பிறகு மாமி வீட்டில் ஒரு தரம், இடையில் வந்த வேறு பெரிய படங்களையும் பார்த்தாயிற்று, இன்னமும் அந்தப் படத்தோடுதான் மனதுக்குள் வாக்குவாதம். ஆகவே படத்தைத் தனியாக வைத்து மார்க் போடாமல், அன்று வானில் (வேனில்) போன எங்கள் பதினொரு பேரையும் சேர்த்து, என்ன நடந்தது என்று முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

வடஇலங்கையில், வன்னிப் பக்கத்து மல்லாவியில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை. படம் மே 1ஆம் திகதி வந்தது, சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாள். கடைக்கு வருகிற பெடியன்கள் எல்லாரும் 'ரெட்ரோ'வைத்தான் கதைத்தார்கள். மற்றப் படத்தைப் பற்றி முதலில் சொன்னது பாஸ்பேப்பர் அடிக்க வந்த ஒரு ரீச்சர். "சிலோன் குடும்பம் ஒண்டு களவாய் இந்தியாவுக்குப் போற கதையாம். பகிடிப் படமாம்" என்றா. பகிடி என்ற சொல்லில்தான் நான் நின்றேன். தமிழ்நாட்டுச் சினிமா எங்களை எடுத்தால் ஒன்றில் கையில் துவக்கு இருக்கும், இல்லாவிட்டால் பின்னணி இசையில் வயலின் அழும். எங்களை வைத்து எங்களோடு சேர்ந்து சிரிக்கிற படம் எதுவும் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

வீட்டில் சொன்னேன். மனைவிக்குச் சிம்ரன் என்றதும் சரி. சின்னவளுக்கு யோகி பாபு என்றதும் சரி. மாமிதான், "இந்தக் கிழமை வேண்டாம் தம்பி, கஞ்சிக் கிழமை முடியட்டும்" என்றா. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் செத்த சனத்தை நினைத்து, மே 12 தொடங்கி 18 வரை வன்னியில் எந்தச் சந்தியில் பார்த்தாலும் அரிசியும் உப்பும் தண்ணியும் போட்ட கஞ்சியைச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள், எங்கள் கடைக்குப் பக்கத்திலும் கொடுத்தார்கள். அதைக் குடித்துவிட்டு அடுத்த நாள் யோகி பாபுவைப் பார்க்கப் போவது சரியில்லை என்று எனக்கும் பட்டது. 24ஆம் திகதி சனிக்கிழமை என்று வைத்தோம். வான்காரத் தம்பி ஆள் சேர்த்தால்தான் கட்டும் என்றான், அக்கம்பக்கத்தில் கேட்டு பதினொரு பேர் சேர்ந்தோம். இப்படித்தான் எங்கள் பக்கத்தில் படம் பார்க்கிறது. கொழும்புக்காரன் அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு படம் பார்ப்பான், நாங்கள் ஒரு கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி வெளிக்கிட வேண்டும். அதனால்தான் படம் சரியில்லை என்றால் எங்களுக்கு வருகிற கோபமும் பெரிசு. ரிக்கெற் காசு போனால் போகட்டும், வான் காசை யார் தருவது?

மாங்குளம் சந்திக்கு ஏறி, அங்கிருந்து ஏ9 வீதியில் தெற்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றர். இப்போது கண் மூடித் திறக்க வவுனியா வந்துவிடும். 2002இல் பாதை திறந்த காலத்தில் புளியங்குளத்தில் புலிகளின் சோதனைச்சாவடியிலும் ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைச்சாவடியிலும் இறங்கி, பையை விரித்துக் காட்டி, திரும்ப ஏறித்தான் போவோம். ஓமந்தை தாண்டும்போது மாமி மடியில் இருந்த பையை ஒருதரம் இறுக்கிப் பிடித்தா. தெரிந்து செய்திருக்கமாட்டா.

தியேட்டரைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஏசி பாதியில் நின்றுவிட்டது, இடதுபக்க ஸ்பீக்கர் இரைந்தது, ரோல்ஸ் நேற்றையது. விடுவோம்.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தர்மதாஸ், வாசந்தி, இரண்டு மகன்மார். பொருளாதார நெருக்கடி தாங்க முடியாமல் இரவோடு இரவாகப் படகேறி இராமேஸ்வரம் போகிறார்கள். கரையில் பொலிஸில் மாட்டுப்பட்டு, அங்கே ஒரு பொலிஸ்காரர் மனமிரங்கி விட்டுவிட, சென்னையில் இருக்கிற வாசந்தியின் சகோதரர் யோகி பாபுவிடம் போய்ச் சேர்கிறார்கள். அவர் ஒரு கொலனியில் வீடு பிடித்துக் கொடுத்து, வாயைத் திறந்து எங்கள் தமிழ் கதைத்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறார். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு வாய் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது, அயலில் யாருக்கு என்ன கஷ்டமென்றாலும் போய் நிற்பார்கள். ஒருவரை ஒருவர் பாராமல் கதவடைத்துக் கிடந்த கொலனி மெதுவாகத் திறக்கிறது. இடையில் ஒரு குண்டுவெடிப்பு, சந்தேகம் இவர்கள் மேல். சசிகுமார், சிம்ரன், மிதுன் ஜெய்சங்கர், கமலேஷ். இயக்கியவர் அபிஷன் ஜீவிந்த், இருபதுகளில் இருக்கிற பெடியன், அவருக்கு முதல் படம்.

படகுக் காட்சி ஓடும்போது மண்டபம் அமைதி. பொலிஸில் மாட்டுப்பட்ட இடத்தில் பகிடி தொடங்கியதும் முன்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள், அதோடு எல்லாருக்கும் மூச்சு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று அனுமதிக்காகக் காத்திருந்த மாதிரி ஒரு சிரிப்பு. சின்ன மகனை 'முள்ளி' என்று கூப்பிட்டபோது மட்டும் என் வரிசையில் மூன்று தலைகள் ஒரே நேரத்தில் திரும்பி ஒன்றையொன்று பார்த்தன. பதினெட்டாம் திகதி முடிந்து ஆறு நாள்தான். எங்களுக்கு அந்த மூன்றெழுத்தைக் கேட்டால் மிச்சச் சொல் தானாக வந்துவிடும். ஆனால் அந்தச் சிறுவன்தான் படத்தின் பெரிய பகிடிக்காரன், பத்து நிமிடத்தில் அந்தப் பெயரைச் சொல்லி என் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது சந்தோசமா சங்கடமா என்று இன்னமும் விளங்கவில்லை.

இனி எங்கள் தமிழ். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, அதனால் நீளும். சசிகுமார் பாடுபட்டிருக்கிறார், அது தெரிகிறது, 'கதைக்கிறது' 'ஓம்' எல்லாம் உரிய இடத்தில் விழுகின்றன. விழாதது இழுவை. நாங்கள் ஒரு வசனத்தை எங்கே ஏற்றி எங்கே விடுவோம் என்பது சொற்களை மாற்றி வராது, அவர் மதுரையில் ஏற்றி யாழ்ப்பாணத்தில் இறக்குகிறார். சிம்ரன் அவரைவிடப் பரவாயில்லை, மற்றவர்களைவிடக் கமலேஷ் இயல்பு, குழந்தைகளுக்குச் செவி நல்லது. சரி, இதெல்லாம் சின்னக் குறை, எந்த நடிகரிடமும் எதிர்பார்க்கலாம். என் பிரச்சினை வேறு. தமிழ்நாட்டுச் சினிமாவுக்கு 'இலங்கைத் தமிழ்' என்று ஒன்றே ஒன்றுதான் தெரியும். என் வகுப்பிலேயே நாலு தமிழ் இருந்தது. முல்லைத்தீவுக் கரைப்பக்கத்துப் பெடியன் ஒரு மாதிரிக் கதைப்பான், 95இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவன் வேறு மாதிரி, வவுனியாப் பக்கத்தவன் இன்னொரு மாதிரி, 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து பாரதிபுரம், மலையாளபுரம், தர்மபுரம் என்று குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டில் 'பேசுவார்கள்', பள்ளிக்கூடத்தில் எங்களோடு 'கதைப்பார்கள்'. கேட்ட தமிழை வைத்து எங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான் இந்தப் படத்தின் முழு முடிச்சும். அந்த முடிச்சை அவிழ்க்க எங்களுக்குள் இருக்கிற இந்த நாலு தமிழையும் யாராவது எடுத்திருந்தால் எவ்வளவு பகிடி கிடைத்திருக்கும் என்று நினைக்க நினைக்க எரிச்சல் வருகிறது. இடைவேளையில் இதைச் சொன்னதும் மனைவி, "இஞ்சேருங்கோ, படத்தைப் பார்க்க விடுங்கோ" என்றாள்.

செத்தவீட்டுக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. கொலனியில் ஒரு வயதான அம்மா இறந்துபோகிறா, வாசலுக்கு வரத் தயங்குகிற அயலவர்களை இந்தக் குடும்பம் இழுத்து வருகிறது. எங்கள் ஊரில் செத்தவீடு என்றால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கதிரை, தறப்பாள், தேத்தண்ணி, பறை, விறகு எல்லாம் வீட்டுக்காரர் கண் திறந்து பார்க்க முன்னர் வந்திருக்கும். தர்மதாஸ் அதைச் சென்னையில் செய்தபோது வானில் வந்த எல்லாருக்கும் அது பெரிய நன்மை மாதிரித் தெரியவில்லை, 'அதுதானே முறை' என்றுதான் இருந்தது. படம் கண்ணீருக்கு ஆயத்தமாகிய இடத்தில் எங்கள் வரிசை தலையாட்டிக்கொண்டிருந்தது. எனக்கு இது படத்தின் வெற்றி என்றுதான் படுகிறது. இயக்குநர் எங்களைப் புனிதர்கள் என்று காட்ட நினைத்திருக்கலாம், எங்களுக்கு அது வழமையாகத் தெரிந்தது.

திரும்பி வரும்போது புளியங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். எல்லாரும் நல்ல படம், நல்ல படம் என்கிறார்கள். மாமி பிளேன்ரீயை ஆற்றிக்கொண்டே கேட்டா:

"மண்டபம் எங்க தம்பி?"

"என்ன மாமி?"

"இராமேஸ்வரத்தில இறங்கினவை. மண்டபத்துக்குக் கொண்டு போகேல்லையே?"

யாரும் பதில் சொல்லவில்லை. மாமியின் தங்கச்சி 1990இல் மன்னாரால் போனவ. இறங்கியதும் மண்டபம் முகாம், பிறகு அங்கிருந்து இன்னொரு மாவட்டத்து முகாம், முப்பத்தைந்து வருடமாக முகாம் விலாசம்தான். 2021இல் தமிழ்நாட்டு அரசு அகதிமுகாம் என்ற பெயரை மாற்றி 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அறிவித்தது, பெயர் மாறியதை அவ ஃபோனில் சொன்னபோது மாமி "வீடு மாறினதோ?" என்றுதான் கேட்டா. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக் கலியாணமும் ஆகிவிட்டது, குடியுரிமை இல்லை, 2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இவர்கள் பெயர் இல்லை.

படம் சொல்கிற காலத்தை எடுத்தாலும் அதே கதைதான். 2022 மார்ச் 22ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் போன 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் கரையேறினார்கள், நெருக்கடிக்காகப் படகேறிய முதல் ஆட்கள் அவர்கள்தான். குழந்தைகளும் இருந்தார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின்னால் போனவர்களும் போய்ச் சேர்ந்த இடம் மண்டபம். அந்த மாதம் இங்கே நாங்கள் எப்படி இருந்தோம் என்பதும் படத்தில் அவசரமாகக் கடந்துபோகிறது. அதற்கு முந்தின வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்து, பெரும்போக வயல் மஞ்சளாகி, வெட்டிய நெல் வெட்டுக்கூலிக்கே காணாமல் போய், அதற்கு மேல் பால்மா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. என் கடையில் மெஷினைப் போட்டுவைத்துவிட்டு வரிசையில் நிற்கப் போவேன். இதையெல்லாம் இரண்டு காட்சியில் காட்டியிருந்தால் தர்மதாஸ் ஏன் படகேறினார் என்று சென்னைக்காரருக்கும் விளங்கியிருக்கும்.

அப்படியானால் படம் பொய்யா? வானில் இதுதான் மிச்ச வழி முழுக்க வாக்குவாதம். வான்காரத் தம்பி சொன்னது, "மண்டபத்தைக் காட்டினா அது பகிடிப் படம் இல்லையண்ணை". அவன் சொன்னதில் இருக்கிற நியாயத்தை நான் அன்றே ஒத்துக்கொண்டிருக்கலாம், ஒத்துக்கொள்ளவில்லை. முகாமுக்குப் போகாமல் பொலிஸ்காரர் ஒருவரின் இரக்கத்தால் சென்னைக்குத் தப்புகிற அந்த ஒரு அதிர்ஷ்டத்தில்தான் மிச்சக் கதை முழுக்க நிற்கிறது. அந்த ஆணியைப் பிடுங்கினால் கூரை விழும். இயக்குநருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும். என் குறை, முகாம் என்ற ஒன்று இருக்கிறது என்பதாவது, மாட்டினால் நாங்கள் எங்கே போவோம் என்ற பயமாகவாவது, படத்தில் கனமாக விழுந்திருக்கலாம்.

இருந்தாலும் அதற்குப் பிறகு வந்தவற்றைப் பார்த்தபோது இந்தப் படம் என் மனதில் இன்னும் ஏறிவிட்டது. ஜூலை கடைசியில் விஜய் தேவரகொண்டாவின் 'கிங்டம்'. இலங்கைத் தமிழரைக் காட்டிய விதத்துக்காகத் தமிழ்நாட்டில் தியேட்டர்களுக்கு முன்னால் எதிர்ப்பு நடந்தது, வில்லனுக்கு முருகன் என்று பெயர். எனக்குக் கோபம் வர முன்னரே நித்திரை வந்துவிட்டது, ஆகவே அதை இதோடு விடுகிறேன். ஆகஸ்ட் 14இல் 'கூலி'. ரஜினி சினிமாவுக்கு வந்து ஐம்பது வருடம், லோகேஷ் கனகராஜ், நாகார்ஜுனா, உபேந்திரா, கடைசியில் ஆமிர்கான் வேறு. பெடியன்கள் விட்டார்களா, மறுபடி வான். அந்தப் படத்தில் சத்யராஜின் பாத்திரம் ஒரு நாற்காலி கண்டுபிடிக்கும், பிணத்தை இருத்தி ஆளியைப் போட்டால் சில நொடியில் சாம்பல், தடயம் எதுவும் மிஞ்சாது. தமிழ்நாட்டில் அதை லொஜிக் இல்லை என்று கேலி செய்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் லொஜிக் கேட்கவில்லை. அவரின் அண்ணன் 2009 மே மாதத்தோடு இல்லை, அம்மா கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் போராட்டத்தில் மகனின் போட்டோவோடு போய் இருந்தவ. இரண்டாம் தரம் அந்த நாற்காலி வந்தபோது அவர் கச்சான் வாங்கப் போகிறேன் என்று எழும்பிப் போனார், படம் முடிந்துதான் வந்தார். கையில் கச்சான் இல்லை. இதற்காக லோகேஷைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை, அவருக்கு எப்படித் தெரியும். ஆனால் ஒரு படம் எங்கே குத்தும் என்பதை எடுத்தவரைவிடப் பார்க்கிற ஊர்தான் தீர்மானிக்கிறது.

அது நல்லதாகவும் நடக்கும். முந்தின வருடம் செப்டெம்பரில் வந்த 'மெய்யழகன்' தஞ்சாவூர்ப் பக்கத்துக் கதை, எங்களுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நீளம் என்று சொல்லி வெளிவந்த பிறகு கிட்டத்தட்ட 18 நிமிடத்தை வெட்டினார்கள். தொடக்கத்தில் 1996 என்று போட்டு, சொந்தக்காரரால் வீட்டை இழந்த ஒரு குடும்பம் ஊரைவிட்டு மதராசுக்குப் போவதைக் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் அந்த ஆண்டு வெறும் ஆண்டு. கிளிநொச்சிக்காரனுக்கு அது சத்ஜெய இராணுவ நடவடிக்கை, ஊர் முழுக்கக் கிளம்பிய வருடம், அக்கராயன் பக்கமும் மல்லாவிப் பக்கமும் மரத்துக்கு மரம் சனம் இருந்த வருடம். அப்போது எங்கள் வளவுக்குள்ளேயே ஆறு குடும்பம். மெய்யழகனை எடுத்தவர் எங்களை நினைத்தே இருக்கமாட்டார், அந்த இளம் பையன் வீட்டைத் திரும்பிப் பார்த்த பார்வையில் என் வயதுக்காரர் பாதிப்பேர் தங்களைப் பார்த்தார்கள். எங்களை நினைத்தே எடுத்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' எங்களைச் சிரிக்க வைத்தது, நினைக்காமல் எடுத்த 'மெய்யழகன்' அழ வைத்தது. இரண்டில் ஒன்றைத் திரும்பப் பார் என்றால் நான் 'மெய்யழகன்' என்பேன், முழு நீளத்தில். மனைவியும் மகளும் மற்றதை என்பார்கள். எங்கள் வீட்டுப் பொதுத்தேர்தலில் என் கட்சி எப்போதும் தோற்கும்.

அப்படித் தோற்றுத்தான் போன மாதம் பென்டிரைவில் வந்த ஒரு கொப்பியை (களவுக் கொப்பிதான், ரிக்கெற்றும் வானும் ஏற்கெனவே கட்டியாயிற்று என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன்) மாமி வீட்டு ரீவியில் போட்டோம். தொண்ணூறுகளில் இதே வீட்டு முற்றத்தில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, எண்ணெய் முடிகிற வரைக்கும் படம் ஓடும். எண்ணெய் முடிந்தால் கிளைமாக்ஸை ஊரில் யாராவது வாயால் சொல்வார்கள். மாமி அப்போது போலவே வாசல்படியில் இருந்து பார்த்தா. இந்த முறை மண்டபத்தைக் கேட்கவில்லை. முள்ளி ஆடிய இடத்தில் பல் தெரியச் சிரித்தா. படம் முடிந்து நான் பென்டிரைவைக் கழற்றும்போது கேட்டா:

"தம்பி, அவை வெளிக்கிடேக்க வீட்டைப் பூட்டினவையோ?"

இரண்டு தரம் பார்த்தவன், இழுவையைப் பிடித்தவன், எனக்குத் தெரியவில்லை.

"கவனிக்கேல்லை மாமி. திரும்பப் போட்டுப் பார்ப்பமோ?"

"வேண்டாம் வேண்டாம், கரண்ட் பில் ஏறும்" என்று சொல்லிவிட்டு, படலையைச் சாத்த எழும்பிப் போனா.